பதினைந்தாம் கல்

என் கையெழுத்து அழகாக இருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவனுக்கு இந்த ஒரு பெருமையாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று என் மனைவி சசிகலா விட்டுக்கொடுத்திருக்கிறாள். நான் சாலைப் பணியாளர். இருபத்தோரு வருஷ சர்வீஸ். ரோட்டுக் குழியை அடைப்பது, ஓரத்துப் புல்லைச் செதுக்குவது, புளியமரத்துக்கு நம்பர் போடுவது, கிலோமீட்டர் கல்லுக்கு வெள்ளையடித்து அதில் கறுப்புப் பெயிண்டால் எண் எழுதுவது எல்லாம் எங்கள் கேங்கின் வேலை. இதில் எண் எழுதுவதை மட்டும் வேறு ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். முத்துவேல் எழுதினால் பஸ்ஸில் போகிற கிழவன்கூட கண்ணாடி போடாமல் படிப்பான் என்பார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. நான் சொல்லப்போவது அந்தத் திமிரைப் பற்றித்தான். ஆனால் அடிபட்டவன் நான் இல்லை.

அடிபட்டவன் சரத்குமார், சசிகலாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். காலையில் ஆலத்தியூர் பஸ்ஸைப் பிடித்துப் போய் சிமெண்ட் மூட்டை ஏற்றிவிட்டு வருவான். காண்ட்ராக்ட் வேலை. கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அவனுக்குக் காட்டு இலாகாவில் சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சின்ன வயதில் ரஞ்சன்குடிப் பக்கம் ஆடு மேய்த்த காலத்திலிருந்து அவனுக்கு மான் என்றால் உயிர். ஒரு கோடையில் தண்ணீர் தேடி வந்த புள்ளிமான் ஒன்று கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. இவன் கயிறு கட்டி இறங்கி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவந்தான். வந்த காட்டு இலாகா ஆபீசர், உன்னை மாதிரி ஆள்தானப்பா எங்களுக்கு வேணும் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவர் தட்டிவிட்டுப் போய்விட்டார். இவன் அந்தத் தட்டலை வாங்கி வைத்துக்கொண்டு ஏழு வருஷம் பரீட்சை எழுதினான்.

போன தடவை எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டான். அடுத்தது நடைத் தேர்வு. நாலு மணி நேரத்துக்குள் இருபத்தைந்து கிலோமீட்டரைக் கடக்க வேண்டும். நடப்பாயோ, ஓடுவாயோ, அது உன் பாடு. ஒரு நிமிஷம் பிந்தினாலும் வீட்டுக்குப் போகலாம். அவனுக்கு வயது வரம்பு ஆனியோடு முடிகிறது. அதனால் இதுதான் முதல் வாய்ப்பு, இதுதான் கடைசியும். சசிகலா செட்டிகுளத்து மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். நான் என் பங்குக்கு ரோட்டைக் கொடுத்தேன்.

ரோடு என்னுடையது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இரண்டாம் கிலோமீட்டர் கல் இருக்கிறது. அங்கிருந்து அரியலூர்ப் பக்கமாக ஓடினால் இருபத்தேழாம் கல்லில் இருபத்தைந்து முடியும். நான் டி.வி.எஸ்ஸில் பின்னால் வந்து, திரும்பும்போது அவனை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். இதைவிடச் சுலபமான ஏற்பாடு உண்டா? பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம்.

முதல் இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் பெரிய வேடிக்கை. இருட்டோடு ஒருவன் தலைதெறிக்க ஓட, பின்னால் ஒருவன் வண்டியில் லைட் அடித்துக்கொண்டு வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? சின்ன வெங்காயம் பிடுங்கப் போகிற பெண்கள் யாரு வூட்டுல சாவு என்று கேட்டார்கள். பருத்திக் காட்டிலிருந்து ஒரு பெரியவர், ஓடுகிறவன் திருடன் என்று நினைத்துக் கம்போடு வந்து நடுரோட்டில் நின்றார். நாய்களுக்குச் சொல்லவே வேண்டாம். வழக்கமாக அந்த நேரத்துக்கு வருகிற டவுன் பஸ் கண்டக்டர் மட்டும் நல்ல மனுஷன். ஏறிக்கப்பா, டிக்கெட் வேணாம், இறங்குற எடத்துல எறக்கிவிடுறேன் என்று வாரம் தவறாமல் கூப்பிட்டார்.

நான் கல்லுக்குக் கல் கூடவே வர மாட்டேன். கொஞ்ச தூரம் பின்னால் வந்துவிட்டு, ஐந்து கல்லுக்கு ஒரு தடவை முன்னால் போய் நிற்பேன். ஏழு, பன்னிரண்டு, பதினேழு, இருபத்திரண்டு, இருபத்தேழு. கேழ்வரகுக் கூழ் ஒரு தூக்கில், குளுக்கோஸ் தண்ணீர் ஒரு பாட்டிலில். அவன் கல்லைத் தொட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் நேரத்தைக் குறிப்பேன். அதையும் என் கையெழுத்தில் வரிசையாக, அடி பிசகாமல் எழுதியிருக்கிறேன்.

முதல் ஞாயிறு நாலே முக்கால் மணி நேரம். அது பரவாயில்லை, புதுசு. இரண்டாவது நாலரை. மூன்றாவது நாலு இருபத்திரண்டு. நாலாவது நாலு பதிமூன்று. அப்புறம் வண்டி சேற்றில் மாட்டியதுபோல நின்றுவிட்டது. நாலு பன்னிரண்டு, நாலு பத்து, மறுபடி நாலு பன்னிரண்டு. நாலு என்கிற கோட்டைத் தாண்டி உள்ளே வரவே மாட்டேன் என்றது. வாரம் ஆறு நாள் மூட்டை சுமந்துவிட்டு ஏழாவது நாள் இப்படி ஓடுகிறவனை நான் சும்மா விட்டேனா? பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம் என்று சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டினேன்.

நோட்டைப் பார்த்தால் எங்கே சறுக்குகிறான் என்பது யாருக்கும் தெரியும். மற்ற எந்த ஐந்து கிலோமீட்டரும் நாற்பத்தைந்து, நாற்பத்தேழு நிமிஷத்தில் முடியும். பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை உள்ள மூன்றாவது ஐந்து மட்டும் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். அந்த இடத்தில்தான் மைன்ஸ் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பெரிய பள்ளம், அதைச் சுற்றி மேடு, மேட்டைச் சுற்றி ரோடு. டிப்பர் லாரி ஒன்று போனால் பின்னால் வருகிறவனுக்குக் கால் மணி நேரம் கண் தெரியாது. புழுதியில் மூச்சு அடைக்கிறது, அதனால் வேகம் குறைகிறது என்று நாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தோம். ஈரத்துண்டை மூக்கில் கட்டச் சொன்னேன். கட்டினான். வாயால் மூச்சு விடாதே என்றேன். விடவில்லை. பதினேழில் வந்து நிற்கும்போது முகமெல்லாம் வெள்ளையாக, விபூதிப் பையில் முக்கி எடுத்ததுபோல இருப்பான். கடிகாரம் அதே ஒரு மணி நேரத்தைக் காட்டும்.

அவன் ஒருநாள் போனை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினான். ஓடுகிற தூரத்தைக் காட்டுகிற ஏதோ ஒன்றை அதில் ஏற்றியிருந்தான். இருபத்தேழாம் கல்லில் மூச்சு வாங்கிக்கொண்டே போனை நீட்டினான்.

"மாமா, இது இருபத்தாறரைன்னு காட்டுதுங்க. எங்கயோ ஒன்றரை கிலோமீட்டர் கூடுது."

எனக்கு வந்ததே கோபம். இருபத்தோரு வருஷம் கல்லோடு புழங்கியவனிடம், சந்தையில் வாங்கிய போனைக் காட்டுகிறான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் போனு நம்ம வூட்டையே ஏரிக்குள்ள காட்டுது. இது கவர்மெண்ட் கல்லுடா. நான் எழுதுன கல்லு. கல்லு பொய் சொல்லாது."

அவன் எதிர்த்துப் பேசுகிற ஆளில்லை. சரிங்க மாமா என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்த வாரமே வியர்வை இறங்கி அந்தப் போன் செத்தும் போயிற்று. பார்த்தாயா, அதன் லட்சணம் இவ்வளவுதான் என்று அதற்கும் நான்தான் சிரித்தேன். என் டி.வி.எஸ்ஸில் மீட்டர் வேலை செய்திருந்தால் அதுவாவது என் மண்டையில் குட்டியிருக்கும். அதன் கேபிள் அறுந்து எட்டு வருஷம் ஆகிறது. ரோடு முழுக்க கல் நட்டவனுக்கு மீட்டர் எதற்கு என்று நான் மாற்றவே இல்லை.

மாசி முடிகிற சமயத்தில் அவனுக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. தைலம் தேய்த்துக்கொண்டு போனான். நான் அதைச் சோம்பல் கணக்கில் சேர்த்தேன். மைன்ஸைச் சுற்றித்தானே சறுக்குகிறாய், அதற்கு அங்கேயே மருந்து வைக்கலாம் என்று புதன், சனிக்கிழமைகளில் வேலை விட்டு வந்தவனைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் வேகமாக ஓடவிட்டேன். ஒரு தடவை போய், ஒரு தடவை வர. ஒரு கிலோமீட்டர்தானே என்று நினைத்துக்கொண்டு செய்த காரியம். ஏண்டா ஒரு கிலோமீட்டருக்கு இருபது நிமிஷமா என்று கத்தியதும் உண்டு. அவன் அந்த மேட்டோரத்தில் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, தெரியல மாமா, இங்க வந்தா காலு நவுர மாட்டேங்குது என்பான். தன் காலைத்தான் அவன் சந்தேகப்பட்டான். என் கல்லைச் சந்தேகப்படவில்லை.

தேர்வு பங்குனியில், ஒரு வியாழக்கிழமை. அதற்குப் பதினோரு நாள் முன்னால் ஒரு ஞாயிறு இருந்தது. கடைசி ஓட்டம் வேண்டாம், காலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று அவனே முதல்நாள் சொன்னான். சசிகலாவும் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"வலிக்குதுங்கிறான். விட்டுருங்களேன். இருக்கற காலையும் ஒடிச்சுடாதீங்க."

நான் விடவில்லை. ஒரே ஒரு தடவையாவது நாலு மணிக்குள் வந்துவிட்டால்தான் மனசுக்குத் தைரியம் வரும், வராமல் அங்கே போய் நின்றால் பயமே காலைப் பிடித்துவிடும் என்று பெரிய வாத்தியார் மாதிரி பேசினேன். எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. நானாகப் பேசியதுதான். அவன் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சரி என்றான்.

அன்றைக்கு அவன் ஓடிய ஓட்டத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். ஏழாம் கல்லுக்கு நாற்பத்திரண்டு நிமிஷம். பன்னிரண்டுக்கும் அதே நாற்பத்திரண்டு. கூழ் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போனான். மைன்ஸ் பக்கம் அன்றைக்கு நான் முன்னால் போகாமல் அவன் பின்னாலேயே வண்டியை உருட்டினேன். வலது காலை வைக்கும்போதெல்லாம் தோள் ஒரு பக்கமாகச் சரிந்தது. நிறுத்து என்று சொல்லலாம். சொன்னால் இத்தனை நாளும் வீண். விடு, ஓடட்டும் என்றால் கால் போய்விடும். வண்டியில் உட்கார்ந்துகொண்டு என்னால் செய்ய முடிந்தது ஹாரன் அடிப்பதுதான். அதைத்தான் அடித்தேன். போ மாப்ள, போ மாப்ள என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் அழுதுகொண்டே ஓடினான் என்பது பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது.

இருபத்தேழாம் கல்லில் அவன் கை பட்டபோது மூன்று மணி ஐம்பத்தேழு நிமிஷம் ஆகியிருந்தது. ரோட்டோரத்துப் புல்லில் மல்லாந்து கிடந்து சிரித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். வரும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக்கொடுத்தேன்.

மறுநாள் காலை அவனால் காலைத் தரையில் வைக்க முடியவில்லை. பெரம்பலூருக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மயிரிழை மாதிரி ஒரு கோட்டைக் காட்டினார். எலும்பு கீறியிருக்கிறதாம். ஒரே நாளில் வந்தது இல்லையாம், பல வாரமாக இழுத்து இழுத்து, கடைசியில் விட்டுக்கொடுத்திருக்கிறதாம். ஆறு வாரம் மாவுக்கட்டு. தரையில் ஊன்றவே கூடாது.

அதற்கு அப்புறம் வந்த நாட்களை எப்படிச் சொல்வது? தேர்வை ஒரு மாசம் தள்ளிவைக்க வழி உண்டா என்று எக்ஸ்ரே கவரைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருத்தர் தண்ணீர்கூடக் கொடுத்தார். எல்லாரும் கடைசியில் ஒன்றையேதான் சொன்னார்கள், ஒரு ஆளுக்காகத் தேதியை மாற்ற விதியில் இடமில்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அடுத்த தடவை அவனுக்கு வயது தாண்டிவிடும் சார் என்றேன். வருத்தமாகத் தலையை ஆட்டினார்கள். அவர்கள் வருத்தப்பட்டது நிஜம்தான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சசிகலா எனக்குச் சோறு போட்டாள், என் சட்டையைத் துவைத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவன்தான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அவளைச் சமாதானம் பண்ணினான். மாமா நல்லதுக்குத்தான் சொன்னாரு, என் காலு சரியில்ல, ஒழுங்கா ஓடத் தெரிஞ்சிருந்தா கடைசி நேரத்துல இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க வேண்டாமே என்றான். அவன் சொல்வதில் பாதி நியாயம் இருப்பதாகக்கூட எனக்குத் தோன்றியது. அதுதான் கொடுமை.

தேர்வுக்கு முதல்நாள், புதன்கிழமை. பெரிய ஆபீசர் யாரோ ரோட்டைப் பார்க்க வருகிறார் என்று எல்லாக் கேங்கையும் சேர்த்து மொத்த ரோட்டுக்கும் அனுப்பினார்கள். நான் பத்து வருஷத்துக்கு மேலாக இரண்டிலிருந்து பத்தாம் கல் வரைக்கும்தான் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கும் நல்லுசாமி அண்ணனுக்கும் மைன்ஸ் பக்கம் விழுந்தது. அவர் வருகிற வருஷம் ரிட்டயர் ஆகிறவர். கல்லுக்கு முதல்நாள் வெள்ளையடித்துக் காயவிட்டு, மறுநாள் எண் எழுத வேண்டும். பதினைந்தாம் கல்லைச் சுரண்டிக் கழுவி, வெள்ளை பூசிக்கொண்டிருந்தேன். அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்தக் கல்லின் தலையில் கையை வைத்தார்.

"இது நீயும் நானும் நட்ட கல்லுப்பா. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவர் சொல்லச் சொல்ல வந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ரோடு இப்படி வளைந்து போகவில்லை, நேராகப் போயிற்று. மைன்ஸ் பெரிதானபோது அந்த நேர் ரோட்டைப் பள்ளம் எடுத்துக்கொண்டது. சுற்றி வளைத்துப் புது ரோடு போட்டார்கள். பழைய ரோட்டிலிருந்த பதினைந்தாம் கல்லை நானும் அவரும் கடப்பாறையால் நெம்பி எடுத்தோம். எங்கே நடுவது என்று கேட்டதற்கு அப்போதிருந்த இன்ஜினியர் சார் ஒரு யோசனை சொன்னார். சுற்றிப் போவதால் நீளம் கூடியிருக்கிறது, அதைச் சரியாகக் காட்டினால் இதிலிருந்து கடைசி வரைக்கும் உள்ள அத்தனை கல்லிலும் எண்ணை மாற்ற வேண்டும், அதனால் பதினாறாம் கல்லுக்குச் சரியாக ஒரு கிலோமீட்டர் முன்னால் இதை நட்டுவிடுங்கள், கூடுகிற நீளம் பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்றார். எல்லா ஊர் ரோட்டிலும் இப்படி ஒன்றிரண்டு நீளக் கிலோமீட்டர் உண்டு, யார் டேப் வைத்து நடக்கப்போகிறார்கள் என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கல்லை நட்டதும் சார் காலால் மண்ணை மிதித்துவிட்டார். நான்தான் எண் எழுதினேன்.

வண்டியிலிருந்த முப்பது மீட்டர் டேப்பை எடுத்து, ஒரு முனையைப் பிடிங்க அண்ணே என்றேன். உனக்கென்ன பைத்தியமா, இந்த வெயிலில் எதற்கு என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிடித்தார். பதினாலாம் கல்லிலிருந்து ஆரம்பித்தோம். டேப்பை இழுப்பது, சாக்பீஸால் கோடு போடுவது, மறுபடி இழுப்பது. லாரி வந்தால் ஓரம் ஒதுங்கி நின்று, புழுதி அடங்கியபின் கோட்டைத் தேடுவது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். கல் நியாயமான கல்லாக இருந்தால் முப்பத்து நாலாவது தடவை இழுக்கும்போது வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் பள்ளம்தான் இருந்தது. அடியில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. ஐம்பது ஆயிற்று, வளைவு முடியவில்லை. முருகா, அறுபதிலாவது வந்துவிடு என்று வேண்டினேன். எழுபது. எண்பது. எண்பத்து மூன்றாவது தடவை இழுத்து, மேலும் பத்து மீட்டர் போனபோது ஈரம் காயாத வெள்ளைக் கல்லில் என் கை பட்டது. இரண்டரை கிலோமீட்டர். ஒன்று என்று என் கையால் எழுதிவைத்திருப்பது இரண்டரை.

அந்தப் போன் சொன்னது சரி. கூடம் கோணல்தான். கோணலாக நட்டவனே ஆடுகிறவளைத் திட்டிய கதைதான் நடந்திருக்கிறது. நல்லுசாமி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் வாயிலிருந்த பீடியை எடுத்துக் கீழே போட்டார். அடப்பாவி என்றார், என்னைத்தானா, அந்த சாரையா, தன்னையேதானா என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் சொல்ல வேண்டாம் என்றும் தோன்றியது. விடிந்தால் தேர்வு. தெரிந்து அவன் என்ன செய்யப்போகிறான்? மாவுக்கட்டோடு எழுந்து ஓட முடியுமா? ஆனால் உள்ளே நுழைந்தபோது அவன் அந்த நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு, மூன்றாவது ஐந்துகளை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்க தப்பு பண்ணேன் மாமா, இதை மட்டும் சரி பண்ணியிருந்தா காலு போயிருக்காதுல்ல என்று கேட்டான். அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க நான் கல் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். நட்டது, எழுதியது, மறந்தது, டேப் பிடித்தது எல்லாம். அடிப்பான், காறித் துப்புவான், குறைந்தபட்சம் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அது வேண்டியும் இருந்தது. அவன் பேனா கேட்டான். எடுத்துக்கொடுத்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுத்தான், பெருக்கினான். அடித்துவிட்டு மறுபடி போட்டான். இருபத்தாறரைக்கு இவ்வளவு நேரம் என்றால் இருபத்தைந்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு ஞாயிறாகக் கணக்குப் பார்த்தான். முதல் மூன்றை அடித்தான். நாலாவதில் பேனா நின்றது.

"மாமா, நாலாவது வாரத்துலேர்ந்து எல்லாமே பாஸுங்க. மூணு அம்பத்தொம்பது, மூணு அம்பத்தெட்டு, மூணு அம்பத்தாறு." கடைசி வரிக்கு வந்து விரலை வைத்தான். "இது மூணு நாப்பத்து நாலு. நான் தையிலயே பாஸாயிட்டேன் மாமா."

அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான். நம்ம காலு நல்ல காலுதான் மாமா என்று கட்டுப் போட்ட காலைக் கையால் தட்டிக் காட்டினான். இத்தனை வாரமும் அவன் தன் காலைப் பற்றி என்னென்ன நினைத்திருப்பான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் கேட்டு அடுப்பங்கரையிலிருந்து சசிகலா எட்டிப் பார்த்தாள். பத்து நாளாகச் சிரிக்காத தம்பி சிரிக்கிறானே என்று அவள் முகமும் மலர்ந்துவிட்டது. என்ன விஷயம் என்று கேட்டாள். அவன் நோட்டை மூடித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டான். ஒண்ணுமில்லக்கா, மாமா ஒரு கதை சொன்னாரு என்றான். அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"அக்காவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா உங்களோட வாழ மாட்டா."

அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ரொம்ப நேரம் அவன் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அந்த முதுகில் கை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போனேன். அவனோடு எழுத்துத் தேர்வில் பாஸானவர்கள் அந்த நேரத்தில் வேறெங்கோ சட்டையில் நம்பர் குத்திக்கொண்டு புறப்பட்டிருப்பார்கள். போன உடனே சாரைத் தேடிப்பிடித்து, பதினைந்தாம் கல்லை இடம் மாற்ற வேண்டும் சார், தூரம் தப்பு என்றேன். இப்போதிருக்கிற சார் சின்ன வயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். ஒரு கல்லை மாற்றினால் கடைசி வரைக்கும் மாற்ற வேண்டும், பாலத்துக்கும் மரத்துக்கும் போட்ட நம்பரெல்லாம் மாறும், நம் கையில் இல்லை என்றார். பதினாலு வருஷமாக யாரும் கேட்கவில்லை, இப்போது யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். ஆபீசர் பத்து மணிக்கு வந்துவிடுவார், சீக்கிரம் எழுதி முடிங்க முத்துவேல் என்றார்.

வெள்ளை நன்றாகக் காய்ந்திருந்தது. கல்லுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். நல்லுசாமி அண்ணன் பெயிண்ட் டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிரஷ்ஷை முக்கினேன். முதலில் ஒன்று போட்டேன். அப்புறம் ஐந்து. ஆபீசர் வந்தபோது ஜீப்பை அந்தக் கல்லுக்கு எதிரிலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, எழுத்து பிரமாதமாக இருக்கிறது, யார் எழுதியது என்று கேட்டாராம். என்னைக் கூப்பிட்டார்கள். நான்தான் சார் என்றேன்.